தொடாமல் போன தீ

மதுரையை எரிக்கக் கிளம்பிய நெருப்புக்குக் கண்ணகி ஒரு கட்டளை இடுகிறாள். அறவோரை விட்டுவிடு, பத்தினிகளை விட்டுவிடு, கிழவர்களையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுவிடு. தீயவர்கள் இருக்கும் பக்கமாகப் போ என்கிறாள். சிலப்பதிகாரத்தை எத்தனை முறை புரட்டினாலும் இந்த இடத்துக்கு வந்ததும் நான் சற்றுத் தயங்கி நிற்பது வழக்கம். அடுத்தடுத்த கூரைகளில் ஒன்றைத் தாண்டி ஒன்றைப் பிடிக்க நெருப்புக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? ஒரே வீட்டில் பத்தினியான மனைவியும் பாதகனான புருஷனும் படுத்திருந்தால் அந்த நெருப்பு என்ன செய்திருக்கும்? இளங்கோவடிகள் கவி. அவருக்கு அந்த உரிமை உண்டு. அவரிடம் நான் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் ஆசை இருக்கிறதே, அது கவிக்கு மட்டும் சொந்தமானதல்ல. உங்களுக்கும் எனக்கும் உண்டு. உலகத்தில் வருகிற தீமையெல்லாம் விலாசம் பார்த்து வரவேண்டும் என்கிற ஆசை அது.

தீமைகளில் வியாதியைப்போல் இந்த ஆசைக்கு வசமாகச் சிக்கியது வேறொன்றும் இல்லை. தொழுநோயை எடுத்துக் கொள்ளுங்கள். மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அந்தக் கிருமியை எதிர்த்து நிற்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது என்று வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. அதாவது, நம் முன்னோர் ஊருக்கு வெளியே துரத்திவிட்ட மனிதரை மடியில் வைத்துச் சோறூட்டியிருந்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் வந்திராது. வந்தவனைப் பாவி என்றோம். வராதவன் தன்னைப் புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். கதைகளிலும் அப்படித்தான். நெறி தவறிய பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில் இருமவைத்து, கைக்குட்டையில் ரத்தம் காட்டி முடித்தால் வாசகருக்குத் திருப்தி, பத்திரிகாசிரியருக்கும் திருப்தி. திரைப்படம் அதற்குமேல் ஒரு படி போய், அந்த நேரத்துக்கு ஒரு இடியும் மின்னலும் சேர்த்துக் கொடுத்தது.

இந்த ஆசை நம் காலத்தில் பூரணமாகக் குடியேற ஒரு வியாதி வந்து வாய்த்தது. எய்ட்ஸ்.

இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக் கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியிடம், அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் இந்த ஆராய்ச்சியை ஒப்படைத்தார். அமெரிக்காவில் 1981-இல் தலைகாட்டிய வியாதி இங்கே வர முகாந்தரமே இல்லை என்று படித்தவர்களும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். நிர்மலா அரசுப் பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. ரத்தத்தைப் பத்திரப்படுத்தத் தகுந்த வசதி இல்லாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். கணவரின் துணையோடு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பேர் ரத்தத்தில் கிருமி இருந்தது. அந்த வருஷம் மே மாதம் சுகாதார மந்திரி எச்.வி.ஹண்டே சட்டசபையில் செய்தியை அறிவித்தார்.

ஆறு பேரும் பாலியல் தொழில் செய்தவர்கள் என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு ஒரு நிம்மதி. நெருப்பு சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது! எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் கையை நீட்டிய பெண்கள் அவர்கள். அவர்களைப்போலக் கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்கள் பலர் அதன் பிறகு காப்பு இல்லங்களில், தண்டனைக் காலம் முடிந்தபின்னும், அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் நீதிமன்றத்தை நாடியதன் பலனாகவே 1990-இல் அவர்கள் வெளியே வந்தார்கள். அதே காலத்தில் அந்தப் பெண்களிடம் வந்துபோன ஆண்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான். அவரவர் மனைவிமாரோடு.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. இரு பக்கமும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூர் பூமி வேறு தினுசு. பல கோடி வருஷங்களுக்கு முன்பு அது கடல். இன்றைக்கும் ஓடையில் இறங்கினால் கல்லாகிப் போன சங்கும் சிப்பியும் காலில் இடறும். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்தான் அந்த ஜில்லாவின் ஜீவனம். அரசாங்கத்தின் சிமெண்ட் ஆலை 1979-இல் வந்தது. தனியார் ஆலைகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஆலை வந்தால் லாரி வரும். லாரி வந்தால், மழையை நம்பி உட்கார்ந்திருந்த மானாவாரிக் குடியானவனின் பிள்ளை கிளீனராக ஏறி டிரைவராக இறங்குவான். மாதக்கணக்கில் சாலையே வீடு. தூக்கம் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது, கையில் ரொக்கம் உண்டு. அப்படிப்பட்டவனுக்குச் சாலையோரத்தில் என்ன கிடைக்கும் என்பதை நான் விவரிக்கவேண்டியதில்லை. அவனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் போவதில்லை.

அங்கே ஒரு கிராமத்தில் எனக்குப் பழக்கமான தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி, லாரி ஓட்டினார்கள். இருவருக்கும் இந்த வியாதி வந்தது. தம்பி முதலில் போனான். அண்ணன் அடுத்த வருஷம், 2002-இல் போனான். அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. இரண்டு வருஷ வித்தியாசம்! சரித்திரத்தில் இரண்டு வருஷம் என்பது ஒன்றுமே இல்லை. ஒரு வீட்டில் அது எல்லாமே.

அந்தச் சகோதரர்களின் மனைவிமார் இருவரையும் நான் பார்த்தேன். ஊரையும் பெயரையும் சொல்வதற்கில்லை. அவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறார்கள். இளையவளுக்குக் கிருமி இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாக மாத்திரை சாப்பிட்டு, கூலி வேலைக்குப் போய், தன் மகளைக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டாள். மூத்தவளுக்கு இல்லை. மூன்று முறை சோதித்துப் பார்த்தார்கள், இல்லவே இல்லை. பத்து வருஷம் அந்த மனிதனோடு குடித்தனம் நடத்தியவள். கடைசி வருஷம் அவன் புண்களைக் கழுவித் துடைத்தவள். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இரண்டு குழந்தைகள் பெற்றவள். அவளைத் தீ தொடவில்லை.

ஊர் இதற்கு உடனே அர்த்தம் கண்டுபிடித்தது. “மூத்தவ பத்தினிடா. அவ கற்புதான் அவளைக் காப்பாத்திச்சு” என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக் கொண்டார்களாம். மாமியார் கிழவி, சாகும்வரை, மூத்த மருமகள் கையால்தான் கஞ்சி குடிப்பேன் என்றாளாம். கற்புக்கு மழையையே வரவழைக்கும் சக்தி உண்டென்று நம்பிய நாட்டில், ஒரு கிருமியை விரட்டும் சக்தி இருக்காதா என்ன?

இந்தப் பேச்சை நான் கேட்கும்போது இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். இளையவள் முறத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூத்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“என்னயப் புகழறப்பல்லாம் இவளை வையறாங்க, தம்பி. அது அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியுது. நான் பத்தினின்னா இவ யாரு? இவ வந்த நாள்லேருந்து எங்கூடத்தான் இருக்கா. எந்தப் பக்கம் தலை நிமுந்து பாத்தா?”

இளையவள் நிமிரவில்லை. “அக்காவுக்கு ஒட்டல. எனக்கு ஒட்டிச்சு. அதுக்கு என்னாத்துக்கு இத்தன பேச்சு?” என்றாள்.

தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் இதற்குமேல் என்ன சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. புகழ்ச்சி என்பது எப்போதும் நல்ல காரியம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். தப்பியவளின் தலையில் நாம் சூட்டுகிற கிரீடம், தப்பாதவளின் நெற்றியில் சூடு போட்டு எடுத்த பொன்னால் செய்தது.

சரி, கற்பு காப்பாற்றவில்லையென்றால் எது காப்பாற்றியது? இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் வேறோர் ஊரில், வேறு விதமான பெண்களிடம் கேட்டார்கள்.

கென்யா தேசத்துத் தலைநகரான நைரோபியில், பும்வானி வட்டாரத்தில், மஜெங்கோ என்று ஒரு குடிசைப் பகுதி. பாலியல் தொழில் செய்து பிழைத்த பெண்கள் நிறைய. 1980-களின் நடுவில் நைரோபிப் பல்கலைக்கழகத்தாரும், கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஃபிராங்க் பிளம்மர் என்ற வைத்தியரும் அங்கே மற்ற பால்வினை நோய்களைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். இந்தக் கிருமியையும் தேடிப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பெண்களிடம் அது இருந்தது. தினமும் பல ஆண்களிடம் போய்வரும் பெண்கள். மிச்சம் இருப்பவர்களுக்கும் சீக்கிரம் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1985 முதல் 1994 வரை, ஆரம்பத்தில் கிருமி இல்லாதிருந்த 424 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 239 பேருக்கு வந்தது. மற்றவர்களில் சிலருக்கு வரவே இல்லை. அதிலும் ஓர் ஆச்சரியம்: ஒருத்தி எவ்வளவு அதிக காலம் தப்பி வந்திருக்கிறாளோ, இனிமேல் அவளுக்கு வருவதற்கான வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைந்துகொண்டே போயிற்று. வெறும் அதிர்ஷ்டம் என்றால் அப்படி இருக்காது. சூதாட்டத்தில் நேற்று ஜெயித்தவனுக்கு இன்றைய பகடை தயவு காட்டுவதில்லையே! ஆகவே அந்த உடம்புகளுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கற்பைத் தராசில் வைத்து நிறுப்பவர்கள் இங்கே என்ன செய்வார்கள்? உலகம் எவளைக் ‘கெட்டவள்’ என்று சொல்லுமோ, அவளிடம் இயற்கை தன் பாதுகாப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ஒரே புருஷனை நம்பியிருந்த அரியலூர்ப் பெண்ணிடம் அதை வைக்கவில்லை.

உள்ளே இருந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்பது இன்னும் முழுக்கத் தீர்ந்த விஷயமல்ல. அமெரிக்காவில் ஒரு விடை கிடைத்தது. நியூயார்க்கில் ஸ்டீஃபன் க்ரோன் என்று ஓர் ஓவியர். குடல் நோய் ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுத்த டாக்டர் க்ரோனின் உறவினர். இவருடைய அன்புக்குரிய தோழர் 1982-இல், அந்த வியாதிக்குப் பெயர் நிலைப்பதற்குள்ளாகவே, இறந்து போனார். அதன் பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ‘என்னை ஆராயுங்கள்’ என்று தாமே விஞ்ஞானிகளிடம் போய் நின்றார். சோதனைக் குழாயில் அவருடைய ரத்த அணுக்களோடு கிருமியைக் கலந்து பார்த்தார்கள். உள்ளே புக முடியவில்லை. 1996-இல் காரணம் தெரிந்தது. கிருமி ஓர் அணுவுக்குள் நுழைய இரண்டு தாழ்ப்பாள்களைத் திறக்கவேண்டும். இரண்டாவது தாழ்ப்பாளைச் செய்கிற மரபணுவில் இவருக்கு 32 எழுத்துக்கள் இல்லை. தாழ்ப்பாளே இல்லாத சுவராகிவிட்டது, திறப்பதற்கு ஒன்றுமில்லை. தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் இந்தக் குறையைப் பெற்றவர்கள் வட ஐரோப்பிய வம்சத்தாரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் உண்டு. ஆப்பிரிக்கர்களிடம் இது இல்லை. நம்மவர்களிடம் மிக மிக அபூர்வம்.

பாருங்கள், ‘குறை’ என்று எழுதிவிட்டேன். சரியான சொல்தான். ஓர் எழுத்துப் பிழை மனிதனைக் காப்பாற்றியிருக்கிறது. அச்சகத்தோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுளைக் கழித்த என்னைப் போன்றவனுக்கு இதில் ஒரு தனி வேடிக்கை இருக்கிறது.

அந்தப் பிழையைக் கடன் வாங்கவும் முடிந்தது. பெர்லினில் 2007-இல் ரத்தப் புற்றுநோய்க்காக டிமோதி பிரவுன் என்பவருக்கு, இந்தக் குறையுள்ள ஒருவரின் எலும்பு மஜ்ஜையணுக்களைச் செலுத்தினார்கள். கிருமி அவர் உடம்பை விட்டே போய்விட்டது. 2020-இல் அவர் இறந்தது புற்றுநோயால்தான். திருடவும் ஒருவர் கிளம்பினார். 2018-இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறப்பித்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று வருஷச் சிறை விதித்தது. தானாக வந்த வரத்தைப் பார்த்துவிட்டால் மனிதனால் சும்மா இருக்க முடிகிறதா?

நைரோபிப் பெண்களிடம் இருந்தது இந்தத் தாழ்ப்பாள் விஷயம் அல்ல. அவர்களில் சிலருடைய ரத்தத்தில், கிருமியை அடையாளம் கண்டு கொல்லும் அணுக்கள் தயாராக நின்றன. வேறொரு விசேஷமும் பிற்பாடு தெரிந்தது. அவர்களுடைய ரத்த அணுக்கள் மற்றவர்களுடையதைவிட அமைதியாக இருந்தன. இந்தக் கிருமி, பரபரத்து விழித்துக்கொண்ட அணுக்களில்தான் சுலபமாகப் பெருகும். சத்தம் கேட்டவுடன் விளக்கேற்றிக் கதவைத் திறந்து பார்க்கிற வீட்டில் திருடன் நுழைந்துவிடுகிறான். குறட்டை விட்டுத் தூங்குகிற வீட்டில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

ஆனால் எனக்கு இரவில் தூக்கம் வராமல் செய்தது இன்னொரு செய்தி. அந்தப் பெண்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்துக் கிருமி வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, அவர்கள் தொழிலைக் குறைத்துக் கொண்டவர்களாகவோ, கொஞ்ச காலம் நிறுத்திவிட்டுத் திரும்பியவர்களாகவோ இருந்தார்கள் என்று 2001-இல் வெளியான ஆராய்ச்சி சொல்லிற்று. தினந்தோறும் எதிரியைச் சந்தித்துக் கொண்டிருந்தவரை உடம்பு தன் பாடத்தை மறக்கவில்லை. ஓய்வு எடுத்தபோது மறந்துவிட்டது. கெட்ட வழியில் நடந்தவரை ஒன்றும் இல்லை. விலகி நின்று, வயிற்றுப்பாட்டுக்காக மறுபடி வந்தபோது பிடித்துக் கொண்டது. பாவ புண்ணியக் கணக்கு எழுதும் எந்தக் கணக்கப்பிள்ளையும் இந்த ஒரு பதிவை எந்தப் பத்தியில் எழுதுவான்?

அரியலூர் மூத்தவளுக்கு வருவோம். அவள் நைரோபிப் பெண்களைப் போன்றவளா? தெரியாது, யாரும் அவளை அப்படி ஆராய்ந்ததில்லை. சாதாரண விளக்கமே அவளுக்குப் போதுமானதாக இருக்கலாம். வேறு புண்ணோ நோயோ இல்லாத கணவன் மனைவிக்குள் இந்தக் கிருமி ஒரு முறை சேர்க்கையில் தொற்றுவதற்கான வாய்ப்பு, ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று சொல்கிறார்கள். கிருமி புகுந்த புதிதிலும் வியாதி முற்றிய பின்பும் அந்த வாய்ப்பு ஏறும். அண்ணன் எந்த நாளில் ஊருக்கு வந்தான், தம்பி எந்த நாளில் வந்தான் என்பதே இரண்டு பெண்களின் தலைவிதியைப் பிரித்திருக்கலாம். லாரிக்கு எந்த ஊரில் லோடு கிடைத்தது என்பதுதான் கடைசியில் காரணமோ என்னவோ! மருந்தே இல்லாத காலத்தில்கூட, கிருமியுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் தப்பித்தான் இருக்கின்றன. அந்தச் சிசுக்களுக்கு என்ன கற்பு? தப்பாத சிசுக்களுக்கு என்ன குற்றம்?

‘முன் ஜன்ம வினை’ என்று பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த பதிலை என்னால் பொய்யென்று நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது. அதுதான் அதன் பலவீனம். எவன் தப்பினாலும் அந்தக் கணக்கு சரியாக வரும். எவன் மாட்டினாலும் சரியாக வரும். இப்படி எல்லாவற்றுக்கும் சரியாக வருகிற கணக்கைக் காட்டுகிற கணக்கனை என் தாத்தா வீட்டு வாசற்படி ஏறவிடமாட்டார்.

தமிழாசிரியர் எழுப்பிய ஆட்சேபம் இதைவிட கனமானது. திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கேட்டார்: “நீங்கள் இப்படியெல்லாம் எழுதினால், எப்படி நடந்தாலும் ஒன்றுதான் என்று ஒருவன் நினைத்துவிட மாட்டானா? ஒழுக்கத்துக்கு அர்த்தமே இல்லை என்றாகிவிடாதா?”

நான் யோசித்துப் பார்த்தேன். மழையில் போகிறவன் நனைகிறான். குடை கொண்டு போனால் அநேகமாக நனையமாட்டான். குடை எடுத்துப் போ என்று சொல்வது புத்தி, சொல்லத்தான் வேண்டும். ஆனால் நனைந்து வந்து நடுங்குகிறவனிடம், ‘மழை உன்னைத் தண்டித்தது’ என்று சொல்வது புத்தியா? காரணம் வேறு, தண்டனை வேறு. தண்டனை என்றால் தண்டிப்பவன் ஒருவன் வேண்டும். அவன் குற்றத்தை விசாரித்திருக்க வேண்டும். குற்றத்துக்குத் தக்க அளவில் கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கிருமி யாரை விசாரித்தது? அண்ணனும் தம்பியும் செய்ததற்கு இளையவளைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? அந்தச் சகோதரர்கள்கூட இப்படிச் சாகத் தகுந்த என்ன கொலை செய்துவிட்டார்கள்? ஒழுக்கத்துக்கு அர்த்தம் உண்டு, ஆசிரியரே. மனைவியிடம் ஒரு மனிதன் உண்மையாக இருக்கவேண்டியது, பொய் சொன்னால் வியாதி வரும் என்பதற்காக அல்லவே! நாளைக்கு இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி வந்துவிட்டால் அன்றோடு துரோகம் துரோகமில்லை என்று ஆகிவிடுமா? கிருமியைக் காவல்காரனாக வைத்துத்தான் ஒழுக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்த ஒழுக்கம் காப்பாற்றத் தகுந்ததுதானா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

அவர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். பேருந்து வந்துவிட்டது.

தகுதியால் வராத வரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது? எனக்கு இதுதான் கஷ்டமான கேள்வி. தப்பியவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறோம். ஸ்டீஃபன் க்ரோன் தம் தோழர்களையெல்லாம் புதைத்துவிட்டு முப்பது வருஷம் வாழ்ந்தார். 2013-இல், 66-ஆம் வயதில், அந்த வாழ்வைத் தாமே முடித்துக் கொண்டார். எந்தக் கிருமியாலும் நுழைய முடியாத உடம்பு அது. காரணம் இன்னதென்று ஒரு மனிதனின் கடைசி முடிவுக்கு விளக்கம் எழுத எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அவர் ரத்தம் கொடுத்தார். திரும்பத் திரும்பப் போய்க் கொடுத்தார். அந்த ரத்தத்தால் தெரிந்துகொண்டதை வைத்து, கிருமி அந்த இரண்டாவது தாழ்ப்பாளைத் திறக்கவிடாமல் தடுக்கும் மருந்து ஒன்று செய்யப்பட்டு 2007-இல் புழக்கத்துக்கு வந்தது.

மஜெங்கோப் பெண்களும் வருஷக்கணக்காக ரத்தம் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்களுக்கு வைத்தியம் கிடைத்தது. எலிசபெத் நுகி என்ற தாதியின் ஆலோசனையும் அன்பும் கிடைத்தன. அவர்களுடைய ரத்தத்திலிருந்து கற்ற பாடத்தை வைத்து ஆக்ஸ்ஃபோர்டும் நைரோபியும் சேர்ந்து ஒரு தடுப்பூசிக்கு முயன்றன. அதன் உரிமைப் பத்திரத்தில் கென்ய விஞ்ஞானிகளின் பெயர் விடுபட்டுப் போனதாகத் தகராறு எழுந்து, பிறகு சமரசமாயிற்று. தடுப்பூசி எதிர்பார்த்த பலனைத் தராமல் கைவிடப்பட்டது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கவேண்டும் என்று நடந்த சண்டையில் அந்தப் பெண்களின் பெயரை யாரும் எடுக்கவில்லை. சென்னையில் 1986-இல் கை நீட்டிய பெண்களின் பெயரும் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

நான் அந்த வீட்டில் இருந்தபோதே மூத்தவளிடம் இதைச் சொன்னேன். அயல்நாட்டில் உங்களைப் போலத் தப்பியவர்கள் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்து மருந்து தேடுகிறார்கள் என்றேன். நம் சென்னையும் சேர்ந்து பல தேசங்களில் 1,763 தம்பதிகளிடம் நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியில், கிருமி உள்ளவர் சீக்கிரமே மாத்திரையை ஆரம்பித்தால் வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு குறைகிறது என்று 2011-இல் தெரிந்ததையும் சொன்னேன். பாதியில் நிறுத்திக் கொண்டேன். 2002-இல் இறந்தவனின் மனைவியிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்?

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “எடுத்தா எவ்ளோ எடுப்பாங்க?” என்றாள்.

“ஒரு சின்னக் குழாய் அளவு. இப்போது யாரும் கேட்கவில்லை. சும்மா சொன்னேன்” என்றேன்.

“கேட்டா குடுக்கறேன். அது இவளுக்கு ஆவுமா?”

“இவருக்கு ஆகாது. பின்னால் வருகிறவர்களுக்கு ஆகலாம்.”

அவள் இளையவளைப் பார்த்தாள். இளையவள் முறத்தைத் தட்டிச் சருகைக் கொட்டிவிட்டு, எட்டு மணி ஆகிவிட்டதென்று எழுந்து போய், மாடத்திலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். மூத்தவள் தண்ணீர் மொண்டு வர எழுந்தாள்.